வாசல்தோறும் சென்ற மருத்துவர்

குழந்தைக்கு நோய் வந்தால் நாம் மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். நோயே இல்லாத குழந்தையைத் தேடி ஒருவர் நம் வீட்டு வாசலுக்கு வருவாரா? ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு கேட்டிருந்தால் பலர் நகைத்திருப்பர். அவ்வாறு வரத்தான் வேண்டும் என்று துணிந்து, நியூயார்க் மாநகரத்தில் அதனை நடத்திக் காட்டியவர் சாரா ஜோசபின் பேக்கர் என்னும் பெண் மருத்துவர். பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அந்நகரில் குடியேறிய ஏழை மக்களின் குழந்தைகள் பல்லாயிரவரை இறப்பிலிருந்து காத்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் இழப்பும்

சாரா ஜோசபின் பேக்கர் 1873ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கரையில் அமைந்த பொகிப்சி என்பது அவருடைய ஊர். தந்தையார் வழக்கறிஞர். தாயார், பெண்களுக்கென நிறுவப்பட்ட வாசர் கல்லூரியில் முதன்முதலாகப் பயின்ற மாணவியருள் ஒருவர். குறையேதும் அறியாது வளர்ந்த பேக்கர், தாயார் பயின்ற கல்லூரியிலேயே தாமும் பயில எண்ணியிருந்தார்.

அவருடைய பதினாறாம் வயதில் அவ்வெண்ணம் சிதைந்தது. உடன்பிறந்த சகோதரர் இறந்தார். சில திங்களுக்குள் தந்தையாரும் டைஃபாய்டு காய்ச்சலால் மாண்டார். டைஃபாய்டு, தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் நோய். குடிநீரைத் தூய்மையாகக் காத்தால் தடுத்துவிடக்கூடிய நோய். தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்குத் தந்தையைப் பறிகொடுத்த அந்தச் சிறுமியின் மீது, தாயையும் சகோதரியையும் காக்கும் பொறுப்பு வந்து விழுந்தது. மருத்துவராவது என்று அவர் முடிவு செய்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை உலகம் விரும்பாத காலம் அது. உறவினரும் குடும்ப நண்பர்களும் தடுத்தனர். எனினும் தாயார் இசைந்தார்.

தோல்வி தந்த பாடம்

நியூயார்க்கில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணாகிய எலிசபெத் பிளாக்வெல், தம் சகோதரி எமிலியுடன் சேர்ந்து அதனை உருவாக்கியிருந்தார். பேக்கர் அக்கல்லூரியில் சேர்ந்தார். நன்கு படித்தார். ஆயினும் ஒரு பாடத்தில் மட்டும் தேர்ச்சி பெறவில்லை. நோயில்லாத, இயல்பான குழந்தையைப் பற்றிய பாடம் அது. நோயுற்ற உடலை அறிவதுதானே மருத்துவம், நலமாக இருக்கும் குழந்தையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று அவர் அப்பாடத்தைப் புறக்கணித்திருந்தார்.

தோல்வி அவரைச் சுட்டது. அப்பாடத்தை மீண்டும் பயில வேண்டியதாயிற்று. இம்முறை, குழந்தைகளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தார். குழந்தை எவ்வாறு வளர்கிறது, எவ்வளவு உறங்குகிறது, எதனை உண்ண வேண்டும், எது அதற்குத் தீங்கு செய்யும் என்பனவெல்லாம் அவருக்கு வியப்பூட்டின. வெறுப்போடு தொடங்கிய படிப்பு, வாழ்நாள் முழுவதும் தொடரும் விருப்பமாக மாறியது. 1898ஆம் ஆண்டு அவர் பட்டம் பெற்றார். பதினெட்டு மாணவியர் கொண்ட வகுப்பில் அவர் இரண்டாம் இடம் பெற்றார்.

மாடிப்படிகளில் கண்ட துயரம்

பாஸ்டன் நகரில் பயிற்சி முடித்த பின், பேக்கர் நியூயார்க்கில் தோழியொருவருடன் சேர்ந்து மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். பெண் மருத்துவரை நாடி வருவோர் அரியர். முதலாண்டு முழுவதும் கிடைத்த வருவாய் 185 டாலர் மட்டுமே. எனவே, நகரச் சுகாதாரத் துறை நடத்திய தேர்வை எழுதி, 1901ஆம் ஆண்டு ஆய்வாளர் பணியில் சேர்ந்தார். திங்கள் ஊதியம் 30 டாலர்.

கோடைக்காலத்தில் நகரின் மேற்குப் பகுதியில் ஏழைகள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அவர் அனுப்பப்பட்டார். நோயுற்ற குழந்தைகளைக் கண்டறிவது அவருடைய பணி. கொடும் வெயிலில் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டினார். உள்ளே காற்றோட்டமில்லாத அறைகள், ஒரே அறையில் பலர், கெட்டுப்போன பால், வயிற்றுப்போக்கால் வற்றிக் கிடக்கும் குழந்தைகள். அக்காலத்துக் கோடையில் நியூயார்க் நகரில் வாரத்திற்குச் சுமார் 1500 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. தாய்மார் அன்பில் குறைந்தவர் அல்லர். குழந்தைகள் சாவது இயற்கை, அதனை எவராலும் தடுக்க முடியாது என்று அவர்கள் நம்பியிருந்தனர்.

பேக்கர் சென்ற வீடுகளில், நோயைக் கண்டறிந்த வேளையில் பல குழந்தைகள் காக்கும் எல்லையைக் கடந்திருந்தன. மருந்து தாமதமாகவே வந்து சேர்ந்தது. கல்லூரியில் தாம் தோற்ற பாடம் அவருக்கு நினைவுக்கு வந்தது. நோயுற்ற குழந்தையைக் குணப்படுத்துவதை விட, நலமான குழந்தையை நலமாகவே வைத்திருப்பது எளிது, உறுதியானது. இவ்வுண்மையைத் தாய்மாருக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதே எஞ்சிய கேள்வி.

பள்ளிகளில் ஒரு மாற்றம்

பள்ளி மாணவரைச் சோதிப்பதும் சுகாதாரத் துறையின் பணியே. தலையில் பேன், தோலில் சொறி சிரங்கு, கண்ணோய் ஆகியவை இருந்தால் மாணவரை வீட்டிற்கு அனுப்பிவிடுவர். அவ்வளவோடு பணி முடிந்துவிடும். வீட்டில் மருந்திட ஆளில்லை. எப்படி இடுவது என்று தாய்க்குத் தெரியாது. விலக்கப்பட்ட மாணவர், மாலையில் தெருவில் அதே தோழரோடு விளையாடுவர். நோயும் தீராது, படிப்பும் போகும்.

1902ஆம் ஆண்டு லீனா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நியூயார்க்கின் சில பள்ளிகளில் பணியமர்த்தப்பட்டார். அவர் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பின்னர் மாணவரின் வீட்டிற்கே சென்று, தாயின் எதிரில் செய்து காட்டினார். பள்ளிக்கு வாராதவர் எண்ணிக்கை விரைந்து குறைந்தது. நகரம் மேலும் பல செவிலியரைப் பள்ளிகளுக்கு அமர்த்தியது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தாளைவிட, வீட்டிற்கு வந்து செய்து காட்டும் செவிலியரின் கைகளுக்கு ஆற்றல் மிகுதி என்பது இதனால் விளங்கியது.

1908ஆம் ஆண்டுக் கோடை

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டால் பள்ளிச் செவிலியருக்கு வேலை குறைவு. ஆனால், குழந்தைகள் மிகுதியாக இறப்பது அக்கோடையில்தான். இவ்விரண்டையும் இணைத்துப் பேக்கர் ஒரு திட்டம் வகுத்தார். நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்தோர் நெருங்கி வாழ்ந்த ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார். முப்பது செவிலியர் அங்கு அனுப்பப்பட்டனர். பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து, முந்தைய நாள் பதிவான பிறப்புகளின் முகவரிகள் நாள்தோறும் வந்தன. குழந்தை பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ செவிலியர் ஒருவர் அவ்வீட்டின் வாசலில் நின்றார்.

செவிலியர் சொன்ன நெறிகள் மிக எளியவை. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். நாள்தோறும் நீராட்ட வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். வெயில் காலத்தில் கனத்த துணிகளால் சுற்றாமல் மெல்லிய உடை உடுத்த வேண்டும். வெளியில் தூக்கிச் சென்று நல்ல காற்றைப் பெறச் செய்ய வேண்டும். பணம் மிகுதியாகத் தேவைப்படாத நெறிகள் இவை.

கோடை முடிந்தது. கணக்கு எடுத்தனர். முந்தைய ஆண்டின் கோடையைவிட அவ்வட்டாரத்தில் 1200 குழந்தைகள் குறைவாக இறந்திருந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புதிய மருத்துவமனை கட்டப்படவில்லை. தெரிந்த செய்தி, தெரிய வேண்டியவரிடம், தெரிய வேண்டிய நேரத்தில் சென்று சேர்ந்தது. அவ்வளவே.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நகரச் சுகாதாரத் துறையில் குழந்தை நலவாழ்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. குழந்தைகளின் நலத்திற்கென்றே அமெரிக்காவில் அமைந்த முதல் அரசுப் பிரிவு அது. பேக்கர் அதன் தலைவரானார். ஒரு பெண்ணின் கீழ்ப் பணியாற்ற விரும்பாத ஆண் மருத்துவர் சிலர் பதவி விலக முன்வந்தனர். பேக்கர் சினம் கொள்ளவில்லை. ஒரு திங்கள் மட்டும் பணியாற்றிப் பார்க்குமாறு வேண்டினார். ஒரு திங்கள் கழிந்தது. ஒருவரும் விலகவில்லை.

மருத்துவச்சியரும் மருத்துவரும்

குடியேறிய மக்களின் வீடுகளில் மகப்பேறு பார்த்தவர் பெரும்பாலும் மருத்துவச்சியரே. அவர்களுள் திறமையானவரும் இருந்தனர்; தூய்மை பேணாதவரும் இருந்தனர். அவர்களை அறவே விலக்கிவிட வேண்டும் என்று மருத்துவர் பலர் வற்புறுத்தினர். பேக்கரின் எண்ணம் வேறு. தாய்மார் தம் மொழி பேசும் மருத்துவச்சியையே நம்பினர். அந்நம்பிக்கையை முறிக்காமல், மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தந்து, தகுதி உடையவர்க்கு உரிமம் வழங்கி, அவர்களைக் கண்காணிப்பதே சிறந்தது என அவர் கருதினார். அவ்வாறே செய்தார். 1911ஆம் ஆண்டு பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவச்சியர்க்கென ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது.

பிறந்த குழந்தையின் கண்ணில் நோய் தொற்றிப் பார்வை போகாமல் காக்க, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் இடும் வழக்கம் அப்போது இருந்தது. குப்பியில் நெடுநாள் இருந்தால் கரைசல் செறிந்து, கண்ணுக்கே கேடு செய்யும். திறந்த குப்பியில் அழுக்கும் சேரும். ஒரு முறைக்கு வேண்டிய அளவு மட்டும் அடங்கிய சிறிய தேன்மெழுகு உறைகளைப் பேக்கர் உருவாக்கச் செய்தார். எவரும் பிழையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் நிலை ஏற்பட்டது. குழந்தைகளின் உடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. தலைவழியே திணித்து மாட்டாமல், முன்புறம் திறந்து எளிதில் உடுத்தக்கூடிய உடையை வடிவமைத்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவ்வடிவத்தின் 2,00,000 படிகளை வாங்கியது.

தாய்ப்பால் பெறாத குழந்தைகளுக்காக, தூய பால் கிடைக்கும் நிலையங்கள் நகரெங்கும் அமைந்தன. அங்கே பாலோடு அறிவுரையும் கிடைத்தது. குழந்தையின் எடை பார்க்கப்பட்டது; வளர்ச்சி குறித்து வைக்கப்பட்டது. இந்நிலையங்களை மூட வேண்டும் என்று புரூக்ளின் பகுதி மருத்துவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் நகரத் தலைவருக்கு விண்ணப்பம் அனுப்பினர். குழந்தைகள் நலமாக இருப்பதால் தம்மிடம் வருவோர் குறைகின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணம். விண்ணப்பத்தைக் கண்ட பேக்கர் வருந்தவில்லை; தம் பணிக்குக் கிடைத்த பாராட்டாகவே அதனைக் கொண்டார். நிலையங்கள் மூடப்படவில்லை.

சிறு தாய்மார்

இத்தனைக்குப் பின்னும் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. குடியேறிய வீடுகளில் தாயும் தந்தையும் நாள் முழுவதும் உழைத்தனர். கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர், பள்ளிக்குச் செல்லும் அக்காமார். மேலும், தாய்மார் பலர்க்கு ஆங்கிலம் தெரியாது. செவிலியர் சொல்வது முழுமையாக விளங்காது. ஆனால், அவ்வீட்டுச் சிறுமியர் பள்ளியில் ஆங்கிலமும், வீட்டில் தாய்மொழியும் பேசினர். இரு மொழிகளுக்கும் இடையில் நின்றவர் அவர்களே.

இதனைக் கண்ட பேக்கர், பள்ளிகளில் சிறு தாய்மார் சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள சிறுமியர் அதில் சேர்ந்தனர். மருத்துவரும் செவிலியரும் அவர்களுக்குப் பயிற்சி தந்தனர். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி நீராட்டுவது, எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் கற்றனர். கற்றதை வீட்டில் தாய்மொழியில் தாயிடம் கூறினர். அண்டை வீட்டுத் தாய்மாருக்கும் எடுத்துரைத்தனர். முன்பின் தெரியாத செவிலியரை நம்பத் தயங்கிய தாயும், தன் மகள் சொன்னதைக் கேட்டாள். தம் பணியாளருள் மிகச் சிறந்தவர் இச்சிறுமியரே எனப் பேக்கர் மதித்தார்.

கல்லூரி வாசல் திறந்தது

1916ஆம் ஆண்டளவில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, குழந்தை நலவாழ்வு பற்றி விரிவுரை ஆற்றப் பேக்கரை அழைத்தது. பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வழங்கிய அப்படிப்பில் தாமும் மாணவராகச் சேர விரும்புவதாக அவர் தெரிவித்தார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது கல்லூரியின் விடை. அவ்வாறாயின் கற்பிக்கவும் இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். கல்லூரி வேறொருவரைத் தேடியது. அவரளவு அறிந்தவர் எவரும் அகப்படவில்லை. இறுதியில் கல்லூரி இசைந்தது. பேக்கர் அங்குக் கற்பித்துக்கொண்டே கற்றார். 1917ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் மாணவர் சிலர் அவருடைய வகுப்பில் கைதட்டி ஆரவாரித்து இகழ்ந்தனர். அவர் சிரித்துக்கொண்டே தம் விரிவுரையைத் தொடர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் அங்குக் கற்பித்தார்.

பணியின் பயன்

1923ஆம் ஆண்டு பேக்கர் நகரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கோடைதோறும் குழந்தைகளைப் பறிகொடுத்த நியூயார்க், அப்போது அமெரிக்கப் பெருநகரங்களுள் குழந்தை இறப்பு மிகக் குறைந்த நகரமாக விளங்கியது. அவர் காத்த குழந்தைகள் ஏறத்தாழ 90,000 எனக் கணக்கிடுவர். அவருடைய முறையைப் பின்பற்றிப் பிற மாநிலங்களும் குழந்தை நலவாழ்வுப் பிரிவுகளைத் தொடங்கின. 1939ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் காலமானார்.

இன்று நம் நாட்டில் ஆஷா பணியாளர் பிறந்த குழந்தையைக் காண வீட்டிற்கு வருகின்றனர். அங்கன்வாடியில் குழந்தையின் எடையைக் குறித்து வைக்கின்றனர். பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து மாணவரைச் சோதிக்கின்றது. அழையாமலே வந்து வாசலில் நிற்கும் அவர்களை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், வாசலுக்கு எவரும் வாராத காலத்தில் எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின என்பதைப் பேக்கர் கண்டார். நலமான குழந்தையைத் தேடிப் படியேறியதே அவர் ஆற்றிய அரும்பணி.

சொல்லும் பொருளும்

மாண்டார் – இறந்தார்
இசைந்தார் – உடன்பட்டார்
செவிலியர் – நோயாளரைப் பேணும் பணியாளர்
மருத்துவச்சி – மகப்பேறு பார்க்கும் பெண்
மகப்பேறு – பிள்ளைப்பேறு
உரிமம் – தொழில் செய்ய அரசு தரும் ஒப்புதல்
திங்கள் – மாதம்

பயிற்சி

1. பேக்கர் கல்லூரியில் தேர்ச்சி பெறாத பாடம் எது? அத்தோல்வி அவருக்கு எவ்வாறு உதவியது?
2. நோயுற்ற மாணவரை வீட்டிற்கு அனுப்பியும் நோய் தீராமைக்குக் காரணம் யாது?
3. 1908ஆம் ஆண்டுக் கோடையில் செவிலியர் கூறிய நெறிகளுள் மூன்றினை எழுதுக.
4. மருத்துவச்சியரை விலக்காமல் பேக்கர் பயிற்சி தந்தது ஏன்?
5. சிறு தாய்மார் சங்கத்துச் சிறுமியர்க்கு இரு மொழி அறிவு எவ்வாறு பயன்பட்டது?
6. செயல்பாடு: உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரிடமோ பள்ளிக்கு வரும் செவிலியரிடமோ குழந்தை நலம் பற்றிய ஐந்து செய்திகளைக் கேட்டறிக. அவற்றைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ளோர்க்குப் படித்துக் காட்டுக.